பேர் சொல்லாமல் கூப்பிட்டவள்

கட்டில் கம்பியில் யாரோ நகத்தால் தட்டுகிற சத்தம் கேட்டது. டிக், டிக். கொஞ்சம் நிறுத்தி மறுபடியும் டிக். புருஷன் வேலப்பனுக்கு உடம்பு நடுங்குவதால் கட்டில் ஆடுகிறது என்றுதான் அமிர்தவல்லி முதலில் நினைத்தாள். ஆனால் அவனுடைய இரண்டு கைகளையும் ஆயா மூக்கம்மா துணியால் சுற்றிக் கட்டிலோடு கட்டியிருந்தாள். விரல்கள் துணிக்குள் இருந்தன. அமிர்தவல்லி தொட்டுப் பார்த்தாள், அசைவே இல்லை. சத்தம் மட்டும் கால்மாட்டிலிருந்து தலைமாட்டுக்கு நகர்ந்து வந்தது.

நேரம் மத்தியானம்தான். ஆனால் கொடைக்கானலில் கார்த்திகை மாதத்து மத்தியானத்தை நம்பவா முடியும்? மேகம் ஏரிப் பக்கமிருந்து ஏறி வந்து, தைல மரங்களை ஒவ்வொன்றாக மறைத்து, பழைய பங்களாவை நர்சிங் ஹோமாக்கிய அந்தக் கட்டடத்தின் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு, உள்ளே எரிந்த ஒற்றை பல்பையும் மஞ்சள் கறையாக்கி வைத்திருந்தது. டெட்டால் வாடை, ஈரக் கம்பளி வாடை, அதற்கும் அடியில் புளித்த வேர்வை வாடை. வேர்வை வேலப்பனுடையது. வாயில் குழாய் செருகி, இமைகள் மேல் பிளாஸ்திரி ஒட்டிப் பிணம்போலக் கிடந்தவனின் உடம்பு மட்டும் மலையேறுகிறவன் உடம்பாக வேர்த்துக் கொட்டியது.

அவன் வட்டக்கானலில் ஜீப் ஓட்டியவன். சவாரி வந்த வெளிநாட்டுப் பிள்ளைகளில் எவனோ ஒருவன் பழுப்புப் பவுடரைத் தாளில் வைத்து, அடியில் நெருப்புக் காட்டி, புகையை உறிஞ்சக் கற்றுக்கொடுத்தான். பாழாய்ப் போனவன், அவன்பாட்டுக்கு ஊர் போய்ச் சேர்ந்துவிட்டான். மாட்டிக்கொண்டது வேலப்பன். "என்னைய உள்ள வச்சுப் பூட்டு அமிர்தம், நான் என்ன கத்தினாலும் தெறக்காத" என்று அவனே சாவியைக் கொடுத்தான். அப்படியே பூட்டிப் பார்த்தாள். எலும்புக்குள் எறும்பு ஊர்கிறது என்று அவன் சுவரில் முட்டிக்கொண்டு அலறியதை அவளால்தான் தாங்க முடியவில்லை. அவளே கதவைத் திறந்துவிட்டாள். அவன் நேராகப் பவுடருக்குத்தான் ஓடினான்.

அதனால்தான் ஞானவேல் டாக்டரிடம் வந்தாள். வெளிநாட்டில் வேலை பார்த்துத் திரும்பியவர். காலையில் அவளை உட்காரவைத்து ஒளிக்காமல் பேசினார்.

"இது புது வைத்தியம்மா. நல்லா மயக்கிப் போட்டுட்டு, பவுடரோட பிடியை ஒரேயடியா அறுக்குற மருந்தை ஊசியில ஏத்துவோம். நாள்கணக்கா படவேண்டிய பாட்டை உடம்பு தூக்கத்துலேயே பட்டு முடிச்சிரும். அது லாபம். ஆனா இதயம் நின்னு போகலாம். வாந்தி நுரையீரல்ல எறங்கிரலாம். முழிக்காமலே போயிரலாம். முழிச்சாலும் ஆசை திரும்பி வராதுன்னு நான் சத்தியம் பண்ணித் தரமாட்டேன். திரும்ப வந்து பழைய அளவுக்கே உறிஞ்சினாருன்னா அந்த ஒரு தடவையிலயே உசிரு போயிரும்."

"வேற வழி இல்லீங்களா?"

"பழைய வழி இருக்கு. மாத்திரை குடுத்து, பக்கத்துல ஆள் இருந்து, மெதுவா எறக்குறது. உசிருக்கு அதுதான் பயமில்லாதது. ஆனா அவரு கத்துறத நீங்க கேட்டுக்கிட்டே இருக்கணும்."

அமிர்தவல்லியின் தராசுத் தட்டு அந்த ஒரு சொல்லில் சாய்ந்துவிட்டது. இன்னொரு தரம் அந்தக் கத்தலைக் கேட்க அவளுக்குத் தெம்பில்லை.

"தூங்குறப்ப அவருக்கு வலிக்குமா?"

"உடம்பு படுற பாடு படத்தான் செய்யும். அவருக்குத் தெரியாது."

"அப்ப அந்த வலிய யாருங்க அனுபவிப்பா?"

டாக்டர் சிரித்துவிட்டார். "யாரும் இல்லம்மா."

டிக், டிக்.

"ஆயா, இது என்ன சத்தம்?"

வாளியில் துணி பிழிந்துகொண்டிருந்த மூக்கம்மா நிமிரவில்லை. "கேக்குதா ஒனக்கும்?" என்றாள். பிறகு மெல்லச் சொன்னாள். "மின்ன இதே கட்டில்ல ஒருத்தரு கெடந்தாரு. காப்பித் தோட்டத்துக் கணக்குப்பிள்ளை. ரொம்ப மரியாதைக்காரரு. தண்ணி வேணும்னாக்கூட வாய் தெறந்து கூப்பிட மாட்டாரு, கம்பியத் தட்டுவாரு. இதே மருந்துதான். கூட ஒரு நாதி வரல. எந்திரிக்க வேண்டிய நேரத்துல பேர் சொல்லிக் கூப்பிட சொந்தம்னு ஒரு ஆளில்ல. அப்படியே போயிட்டாரு."

எழுந்து போய்விடலாமா? மருந்து பாதி ஏறிவிட்டது. எங்கே போவது?

மருந்து முழுக்க ஏறி முடிந்ததும் டாக்டர் வந்து குழாயை உருவினார். பிளாஸ்திரியை எடுத்தார். "இனிமே நீங்கதான்மா. பழகின குரல்ல பேரைச் சொல்லிக் கூப்பிடுங்க. விடாமக் கூப்பிடுங்க." ஆக்சிஜன் சிலிண்டர் சீறிக்கொண்டு அடங்கியது. அவர் மூக்கம்மாவையும் கூட்டிக்கொண்டு அடுத்த சிலிண்டரை உருட்டி வர ஓடினார்.

பேர்.

இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக் கூலி வரிசை வீடான லயத்தில் பிறந்து, கப்பலேறி வந்து, இந்த மலையில் வாக்கப்பட்ட அமிர்தவல்லி, இன்றுவரை புருஷன் பேரை வாயால் சொன்னதில்லை. சொன்னால் புருஷன் ஆயுசு குறையும் என்று பயந்து அவள் அம்மாவும் அப்பா பேரைச் சொன்னதில்லை. ரேஷன் கடையில் கேட்டபோது காலண்டரில் இருந்த முருகன் கையைக் காட்டினாள். "வேலா? வேல்சாமியா? வேலப்பனா?" என்று கடைக்காரர் கேட்டுக் கேட்டு ஒருவழியாக எழுதிக்கொண்டார். ஊரே சிரித்தது. அவளும்தான் சிரித்தாள்.

இப்போது அவன் உதடு நீலமாகிக்கொண்டிருந்தது. உயிர் இழுபறியில் இருக்கிற இந்த நேரத்தில் போயா அவன் ஆயுசில் கை வைப்பது? குனிந்து அவன் காதில் சொன்னாள்.

"ஏங்க. என்னங்க. வந்துருங்க."

தட்டுகிற சத்தம் நின்றது.

"ஏங்க, நான்தான் கூப்பிடுறேன். வாங்க. எந்திரிச்சு வாங்க."

காற்றில்லை. ஜன்னலும் சாத்தித்தான் இருந்தது. ஆனாலும் தலைமாட்டில் ஏதோ குனிந்தது. அவள் கன்னத்தோரம் குளிர்ந்தது. தலையணை அமுங்கியது. யாரோ சாய்ந்துகொண்டது போல.

வேலப்பனின் நெஞ்சு ஏறி இறங்கியது. கண் திறந்தது. அவளைப் பார்த்தது. வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பார்ப்பது போலப் பார்த்தது.

"நீங்களா கூப்பிட்டீங்க?" வேலப்பனின் தொண்டைதான். "ரொம்ப நேரமாத் தட்டிக்கிட்டே இருந்தேங்க."

கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளை 'ங்க' போட்டுப் பேசியதில்லை.

டாக்டருக்கு வாயெல்லாம் பல். நடுக்கம் இல்லை, வாந்தி இல்லை, பவுடர் ஆசையும் துளி இல்லை. வட்டக்கானலே வீட்டுக்கு வந்து பார்த்துவிட்டுப் போனது. "ஆளே மாறிட்டாப்ல, நீ குடுத்து வச்சவ" என்றார்கள். அவன் வெள்ளனே எழுந்தான். குளித்தான். அவள் பரிமாறினால் "போதுங்க" என்றான். ஜீப்பை ஓட்ட மட்டும் அவனுக்குத் தெரியவில்லை. மயக்கத்தில் மறந்திருக்கும் என்று ஊர் சொன்னது. அவளும் அதையே பிடித்துக்கொண்டு நாளைக் கடத்தினாள். பிடித்துக்கொள்ள வேறென்ன இருந்தது?

பிறகு ஒரு பகல். மேகம் வாசல்வரை வந்து நின்றது. அவன் சாப்பிட்டுவிட்டுப் பாயில் தூங்கிக்கொண்டிருந்தான். போர்வையை இழுத்துவிடக் குனிந்தாள்.

கேட்டது.

மூடிய வாய்க்குள்ளிருந்து இல்லை. அதற்கும் கீழே. நெஞ்சுக்குள். மிகத் தொலைவில், பூட்டிய கதவுக்குப் பின்னால் இருந்து கத்துவது போல.

"அமிர்தம்... எலும்பெல்லாம் ஊருது... அமிர்தம், கதவத் தெறடி..."

அதே அலறல். எதைக் கேட்க முடியாமல் இதைச் செய்தாளோ, அதே அலறல். நிற்கவில்லை. நெஞ்சில் காதை வைத்தாள். விலாவுக்குள் முட்டுகிற சத்தம். தலையால் சுவரில் முட்டுகிறான்.

"வேலப்பா." பிறந்ததிலிருந்து முதல் தடவை. "வேலப்பன். வேலப்பன். நான் இங்கதான் இருக்கேன். வா. வேலப்பா, வந்துரு."

முட்டுகிற சத்தம் வேகமானது. கேட்டுவிட்டது அவனுக்கு. கேட்டும் வர முடியவில்லை.

பாயில் கிடந்தவன் கண் திறந்தான். கோபப்படவில்லை. அவள் தலையை மெல்ல விலக்கினான். உள்ளங்கையைத் தன் நெஞ்சின்மேல் வைத்து, பிள்ளையைத் தூங்கவைப்பவன் போலத் தட்ட ஆரம்பித்தான்.

"எழுப்பாதீங்க" என்றான். "தூங்கட்டும்."