கத்திரிக்காய் மாடு

வெள்ளரிக்காய்க் குதிரையின் முதுகு வளைந்திருந்தது. மூன்று நாளைக்கு முன் மினெகோ அதற்குக் குச்சிக் கால் செருகிப் பூஜை மாடத்தில் வைத்தபோது நேராகத்தான் நின்றது. இப்போது நான்கு கால்களும் வெளிப்பக்கம் அகன்று கிடந்தன. மாமனார் கனத்த உடம்புக்காரர். இறந்தபின் அவருக்கு இது முதல் ஓபோன், முன்னோரின் ஆவிகள் வீட்டுக்கு வந்துபோகும் பண்டிகை. குதிரையில் வேகமாக வந்துவிட்டார் போல. இன்று மாலை கத்திரிக்காய் மாட்டில் ஏறி மெதுவாகத் திரும்ப வேண்டும்.

மாட்டைக் காணோம்.

சமையலறையில் அவள் கணவன் தெத்சுஜி பீர் குடித்துக்கொண்டிருந்தான். தட்டில் கருகிய தோல், பக்கத்தில் நான்கு குச்சிகள்.

"என்னங்க, மாட்ட என்ன பண்ணீங்க?"

"சுட்டுத் தின்னுட்டேன். வீணாத்தானே போவுது. அப்பா நடந்து போகட்டும்."

"அவரு எங்க நடந்தாரு? ரெண்டு வருஷமா படுக்கை. முதுகுல தூக்கிட்டுப் போய் வயலைக் காட்டுடான்னு கெஞ்சினாரு. ஒரு நாளாவது தூக்கினீங்களா?"

"ஆரம்பிச்சிட்டியா" என்று சிரித்தான்.

பக்கத்து வீட்டில் ஒரு கத்திரிக்காய் கேட்கலாமென்று வாசலுக்கு ஓடினாள். ஆனால் தெருவெங்கும் ஆவிகளை வழியனுப்பும் நெருப்பை ஏற்றிவிட்டார்கள். நேரம் தவறினால் கிழவர் வீட்டிலேயே தங்கிவிடுவார் என்ற பயத்தில் சணல் தட்டைகளைக் கொளுத்தினாள். அவை படபடவென்று வெடித்தன. வயல் தவளைகளின் இரைச்சலுக்கு நடுவே, ஊதுவத்திப் புகையோடு சேர்ந்து, ஒரு வருஷமாக வீட்டில் இல்லாத, மாமனாரின் மூட்டுவலித் தைலத்தின் வாடை அடித்தது.

தவளைகள் அடங்கின.

உள்ளே பலகைத் தரை முனகியது. கொஞ்சம் நின்றது. மறுபடி முனகியது.

"மினெகோ..." தெத்சுஜியின் குரல் தரையோடு தரையாக வந்தது. "கனக்குதுடி."

நிலைப்படியில் முதலில் அவன் கைகள் தெரிந்தன. பிறகு தலை. மண்டியிட்டுத் தவழ்ந்து வந்தான். முதுகு நடுவில் குழிந்திருந்தது. கைகால்கள் வெளிப்பக்கம் அகன்றிருந்தன.

"எழுந்திரிங்க. என்னங்க, எழுந்திரிங்க."

தோளைப் பிடித்து இழுத்தாள். அசையவில்லை. அவளைப் பார்க்கவும் இல்லை.

கங்குகளின் மேல் உள்ளங்கையை ஊன்றினான். தோல் பொசுங்கியது. முகம் மாறவில்லை. கல்லறை மேட்டுப் பாதையில் திரும்பினான். மெதுவாக. மிக மெதுவாக.

நின்றபோதெல்லாம் அவன் விலாவின் இரு பக்கமும் சட்டை குழிந்தது, குதிகால்கள் உதைப்பது போல.