எட்டாவது வரட்டும்

பிறையூரில் விளக்குகள் விடியலுக்கு மாறியதும் எல்லோரும் வாசலைத் திறந்து குடுவை வந்துவிட்டதா என்று பார்ப்பார்கள். அன்றைய மூச்சு அதில் இருக்கும். நிலவின் பாறைக்கடியில் குடைந்த அந்த ஊரில் காற்று வேலைக்கு ஏற்ப அளந்து தரப்பட்டது. வேலை இல்லாதவருக்கும் அரைக் குடுவை உண்டு. இளம் நுரையீரலுக்கு அது போதும். ஒருவர் காற்றை இன்னொருவர் சுவாசிக்க முடியாது. உரியவரின் மூச்சை அறிந்தால்தான் குடுவையின் மூடி திறக்கும்.

மரகதவல்லி வீட்டு வாசலில் சில வாரங்களாக அரைக் குடுவைதான் இருந்தது.

அவர் எழுத்தாளர். சிறுவர்களுக்காக எழுதிய தூறல் கதைகளை ஊரே படித்தது. தூறல், மழைக்குள் வீடு கட்டிக் குடியிருக்கும் சிறுமி. மழையே பெய்யாத ஊரில் அவளைத் தெரியாதவர் இல்லை. குழாயில் நீர் விழும்போது பெரியவர்களும் அவள் பாட்டை முணுமுணுத்தார்கள்.

பூமியில் புத்தகங்களை வாங்கி அடுக்கினார்கள், படிக்கவில்லை என்பது பழைய புகார். ஆகவே காற்றை அளந்து தரும் காற்றகம் விற்பனையைக் கணக்கில் எடுப்பதில்லை. புத்தகம் படிக்கும் கருவியான விழியேடு வாசகரின் கண்ணைப் பின்தொடரும். கண் கடைசி வரியைக் கடந்தால் காற்றகத்துக்குத் தகவல் போகும். அதுதான் ஒரு வாசிப்பு. ஆறு பாகங்கள் அப்படித்தான் மரகதவல்லிக்கு மூச்சு தந்தன. அடுத்தது வருவதற்குள் முந்தையதை முடிக்க எல்லோரும் அவசரப்பட்டார்கள்.

ஏழாவதன் அட்டையில் ‘நிறைவுப் பாகம்’ என்று இருந்தது. ஒரே நாளில் எல்லா வீட்டுக்கும் போய்ச் சேர்ந்தது. வாசிப்பு மட்டும், ஒன்றே ஒன்றைத் தவிர, பதிவாகவில்லை.

கணவர் தணிகாசலம் காற்றகத்துக்குப் போனார். சுரங்கம் குடைந்து ஓய்வுபெற்றவர். கெஞ்சிப் பழக்கமில்லை. அதிகாரி பெனாசிர் எழுந்து நின்றாள்.

“அம்மா எப்படி இருக்காங்க ஐயா? எங்க வீட்ல தூறல்னா உயிரு.”

“படிச்சு முடிச்சிட்டியாம்மா?”

“கடைசி அத்தியாயம் மட்டும் வச்சிருக்கேன். முடிச்சா அவ போயிடுவாளே.”

“போகப்போறது அவ இல்லம்மா. என் சம்சாரம்.”

பெனாசிர் கண்களைத் துடைத்துக்கொண்டாள். “எட்டாவது எழுதச் சொல்லுங்க. அது வரட்டும், அன்னிக்கே ஏழாவதை முடிச்சிடறேன். எல்லாரும் முடிச்சிடுவாங்க.”

“எழுத மூச்சு வேணுமே.”

“விதி அப்படி ஐயா. நான் என்ன பண்ணட்டும்?”

அவர் வீடு வீடாக ஏறி இறங்கினார். ஒருவர் மட்டும் முடித்திருந்தார். கதை முதலிலிருந்தே பிடிக்கவில்லை, தொலையட்டும் என்று முடித்தேன் என்றார் அவர். தணிகாசலம் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

பக்கத்து வீட்டு ஆசிரியர் இமானுவேல் ஏட்டை மார்போடு அணைத்துக்கொண்டான்.

“வேற என்ன வேணா கேளுங்க சார். அவங்களை என் தாயா நேசிக்கிறேன்.”

“நேசிச்சது போதும் தம்பி. படி.”

இமானுவேல் தலைகுனிந்தான். ஏட்டைத் திறக்கவில்லை.

வீட்டில் மரகதவல்லி படுத்திருந்தார். உதடுகள் கறுத்திருந்தன.

“எட்டாவது வருதுன்னு ஒரு வார்த்தை சொல்லிடேன்” என்றார் தணிகாசலம். “பொய்யாவே இருக்கட்டும்.”

“குழந்தைங்க காத்துக் கிடக்கும்.” மரகதவல்லி குடுவையின் முகமூடியை அழுத்திக்கொண்டார். “யாருமே முடிக்கலையா?”

“எல்லாருக்கும் அது மேல அவ்வளவு ஆசை.”

“நீங்க?”

தணிகாசலம் சுவரைப் பார்த்தார். அவருடைய ஏடும் கடைசி அத்தியாயத்துக்கு முன்னால் நின்றிருந்தது.

மரகதவல்லி சிரித்தார். அதற்கு நிறைய மூச்சு செலவானது.

தணிகாசலம் தன் ஏட்டை எடுத்துச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு வரியிலும் தங்கினார். தூறல் தன் வீட்டின் கடைசிச் சன்னலைச் சாத்தும் இடத்தை இரண்டு முறை படித்தார். இன்னும் ஒரு பக்கம் இருந்தபோது நிமிர்ந்து பார்த்தார். முகமூடியில் ஆவி படியவில்லை.

ஏட்டை மூடினார்.

காற்றகம் துக்கம் அறிவித்தது. சுரங்கங்களில் வேலை நின்றது. ஊர் மைதானத்தில் கூடி, அஞ்சலியாக எல்லோரும் ஒரே நேரத்தில் கடைசி அத்தியாயத்தைப் படித்தார்கள். பெனாசிர் விம்மலோடு வாசித்து முடித்தாள்.

மறுநாள் காலை தணிகாசலம் வாசலைத் திறந்தார். கதவு எதிலோ இடித்துப் பாதியில் நின்றது. கண்ணுக்கெட்டிய வரை நடைவழி நெடுக முழுக் குடுவைகள். எல்லாவற்றிலும் மரகதவல்லியின் பெயர்.

அவற்றுக்கு நடுவே வழி தேடி இமானுவேல் வந்தான். அழுது முகம் வீங்கியிருந்தது.

“என்ன ஒரு முடிவு சார்! இத்தனை நாள் படிக்காம விட்டுட்டேனே.” அவன் குரலைத் தாழ்த்தினான். “அம்மா எட்டாவது ஏதாவது எழுதி வச்சிருக்காங்களா?”

தணிகாசலம் குனிந்து ஒரு குடுவையின் மூடியைத் திருகினார். அது திறக்கவில்லை.