கடைசியாக நடப்பவள்

ஷூவில் ஒட்டியிருந்த சேறு காயவேயில்லை. ஜவ்வாது மலையிலிருந்து இறங்கி, வேனில் அத்தனை தூரம் உட்கார்ந்து, மயிலாப்பூர் வந்து மூன்று மாடி ஏறிய பிறகும், இப்போதுதான் மிதித்ததுபோல் ஈரமாக, குளிர்ந்து இருந்தது. லாவண்யா அதைப் பழைய செய்தித்தாளில் தட்டினாள். மலைப்புல்லின் வாசனை எழுந்தது. வெளியே ஐப்பசி மழை.

அறைத்தோழி சிந்து இட்லி பொட்டலத்தோடு நனைந்துபோய் உள்ளே வந்தாள்.

"இன்னாடி, மலைக்குப் போனியா, எழவுக்குப் போனியா? மூஞ்சி இப்டி கீது."

"அசதி."

"அது சரி. கூட வந்த அண்ணன இன்னாத்துக்குக் கீழயே உட்டுட்டு வந்த? பாவம், படியில குந்திக்கினு மூச்சு வாங்கிக்கினு கீறாரு. மேல வாங்கண்ணான்னேன். பைய வாரேன்னாரு." துண்டை எடுத்துக்கொண்டு குளியலறைக்குப் போனாள். "வந்தா தண்ணி குடு."

பைய வாரேன்.

அந்தப் பேச்சை லாவண்யா இன்று மதியம் முகட்டின்மேல் கேட்டிருந்தாள்.

கூட்டமாக மலையேறும் அவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. கடைசியாக நடப்பவருக்கு வால் என்று பெயர். வாலுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. அவர் வந்து சேர்ந்து, "வால் வந்தாச்சு!" என்று குரல் கொடுத்த பிறகுதான் கூட்டம் நகரும், அந்தக் குரலுக்குப் பிறகு ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். எதையும் இரண்டு முறை சரிபார்ப்பவள் என்றுதான் இன்று அவளை வாலாகப் போட்டிருந்தார்கள்.

நல்ல நாள்தான் அது. முகட்டின் ஒரு பக்கம் சரிவெல்லாம் மஞ்சள் பூ, மறுபக்கம் எங்கோ அடியில் வெள்ளித் தகடாய் ஓர் ஏரி, நடுவில் ஒற்றையடிப் பாதை, இடுப்புயரப் புல்லை வளைத்துக்கொண்டு போகும் காற்று. அவளுக்கு முன்னால் கதிரேசன் மட்டும். தி.நகர் ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் திருநெல்வேலிக்காரர், கம்பை ஊன்றி நடந்து, பாறைக்குப் பாறை உட்கார்ந்துவிடுவார். உச்சியில் மேகம் விலகியது. எல்லோரும் கத்தினார்கள். "வாலு எங்க, அறுந்துபோச்சா?" என்றார் தலைவர் ஷரஃபுதீன். சிரிப்பு.

"நீ போ தாயி, நான் பைய வாரேன்," என்றார் கதிரேசன். "சத்தம் மட்டும் குடுத்துராத."

ஓடினாள். அந்தக் காட்சியைப் பார்த்தாள். மேகம் மூடப்போகிறது, கூட்டம் பொறுமையிழந்து நிற்கிறது, அத்தனை கண்களும் அவள்மேல். குரல் கொடுத்துவிட்டாள். பின்னாலேயே வந்துவிடுவார் என்று நினைத்தாள். ஒரே ஒரு முறை திரும்பிப் பார்த்தபோது முகடு வெள்ளையாக இருந்தது. கூப்பிட்டிருக்கலாம். கூப்பிட்டால் தெரிந்துபோகும். கீழே நின்ற இரண்டு வேன்களில் ஏதாவது ஒன்றில் இருப்பார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

போன் அடித்தது. ஷரஃபுதீன்.

"லாவண்யா, கதிரேசன் அண்ணன் உங்க வேன்லதானே வந்தாரு? வீட்டுல பயப்படுறாங்க. இல்லேன்னா சொல்லும்மா, இப்பவே ஃபாரஸ்ட்காரங்களுக்குச் சொல்லி ஆள அனுப்பணும். மேல செம மழையாம்."

உண்மை நாக்கு நுனிவரை வந்தது. முகம் சுட்டது. சிந்து சொன்னாளே, படியில் இருக்கிறார் என்று. அப்படியே இருக்கட்டுமே.

"ஆமாண்ணா. என்கூடத்தான் மயிலாப்பூர்ல இறங்கினாரு."

"அப்பாடா. உயிர் வந்துச்சு."

போன் வைத்ததும் படியில் சத்தம் கேட்டது.

கம்பு ஊன்றும் சத்தம். பிறகு கால். பிறகு, பாறையில் உட்கார்ந்து இழுப்பதுபோல் நீண்ட மூச்சு. முதல் மாடியில் நின்றது. இரண்டாவதில் நின்றது. குளியலறையில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. கபாலி கோயில் மணியும் தெருவின் ஆட்டோ இரைச்சலும் எங்கோ அடிவாரத்துக்கு இறங்கிவிட்டதுபோல் மங்கின.

கம்பு. கால். மூச்சு.

கதவின் துளையில் கண் வைத்தாள். மாடிப்படி தெரியவில்லை. வெள்ளை. அதில் புல் அசைந்தது.

பின்வாங்கினாள். எதிர்ச் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டாள். வாலுக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது. யாரும் இருக்க முடியாது. சுவர்.

சத்தம் நின்றது. கதவு திறக்கவில்லை.

சுவர் குளிர்ந்திருந்தது. ஈரம். சட்டை நனைந்தது. பிடரியில் மூச்சு. ஒரு முறை. மறுபடியும்.

தண்ணீர்ச் சத்தம் ஓய்ந்தது. சிந்து வெளியே வந்தாள். லாவண்யாவைப் பார்க்கவில்லை, அவள் தோளுக்குப் பின்னால், சுவர் இருக்கும் இடத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"வந்துட்டீங்களாண்ணா? இன்னா இப்டி நனஞ்சிக்கினு கீறீங்க. இந்தாங்க, தொடைங்க."

துண்டை நீட்டினாள்.

லாவண்யாவின் முதுகுக்கும் சுவருக்கும் நடுவிலிருந்து, நகமெல்லாம் புல் சிக்கிய, சேறு அப்பிய ஒரு கை மெதுவாக நீண்டு அதை வாங்கிக்கொண்டது.