இரண்டாவது ஜாய்ஸ்டிக்

மாடம்பாக்கத்து வீட்டுப் பூட்டைத் திறந்ததும் முதலில் வெளியே வந்தது வாடைதான். மழையில் ஊறி, மாதக்கணக்கில் மூடிக் கிடந்த சுவரின் பூஞ்சை வாடை. ஷீலா துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"கிறிஸ்மஸ் பலகாரத்த குரோம்பேட்டை ஃபிளாட்லயே சுட்டிருக்கலாம். நான் சொன்னா யார் கேக்குறா?"

ஜீவானந்தம் கேட்கவில்லை. பொங்கலுக்குப் பிறகு வீட்டை இடிக்கப்போகிறார்கள். அதற்குள் கடைசித் தடவையாக அம்மாவின் அடுப்படியில் எண்ணெய் காய வேண்டும் என்று அவனுக்கு ஆசை. ஆசை அவனுக்கு, வேலை அவளுக்கு. கல்யாணமான நாளிலிருந்து இப்படித்தான்.

அவள் அடுப்படியைக் கழுவி, அச்சு முறுக்குக்கு மாவு கரைத்து முடிப்பதற்குள் அவன் பரணிலிருந்து பழைய வீடியோ கேம் பெட்டியை இறக்கி, தூசி தட்டி, ஹாலில் இருந்த டப்பா டி.வி.யில் மாட்டிவிட்டான். கேசட்டை வாயால் ஊதிச் சொருகினான். படம் வந்தது. நாற்பதைத் தாண்டிய மனுஷன் குதித்தான். இரண்டாம் வகுப்புப் படிக்கும் மகள் சினேகாவும் சேர்ந்து குதித்தாள்.

"பாப்பா, இது அப்பாவோட ஜாய்ஸ்டிக். இந்த ரெண்டாவது உன் சித்தப்பா ஜோஷ்வாவோடது."

ஜோஷ்வாவை ஷீலா படத்தில்தான் பார்த்திருக்கிறாள். டி.வி.க்கு மேலே மாட்டியிருக்கும் அரை டிராயர் பையன். ஒரு டிசம்பரில் காய்ச்சல் வந்து, பண்டிகைக்கு முன்னால் இதே ஹாலில் போய்ச் சேர்ந்துவிட்டான்.

"ரெண்டு பேரும் சேந்து சுட்டுக்கினே போவோம். அவனுக்கு லைஃப் தீந்துட்டா பட்டன அமுக்கி என்னோடதுல ஒண்ணு எடுத்துப்பான். அந்த கேம்ல அப்டி எடுக்கலாம். கேக்கவே மாட்டான். எடுத்துட்டு அப்புறமா 'தேங்க்ஸ்ணா'ம்பான், திருட்டுப் பய." சிரித்துக்கொண்டே சொன்னான். இரண்டு ஜாய்ஸ்டிக்கையும் சொருகினான். அந்தக் காலத்தில் எப்படி இருந்ததோ அப்படியே இருக்கட்டும் என்றான்.

எண்ணெய் போதாது என்று ஷீலா சொன்னதும் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு கேம்ப் ரோட்டுக்குக் கிளம்பினான். சாயங்காலம்தான். ஆனால் மேகம் கட்டிக்கொண்டு, ஜன்னல் அருகில்கூட வெளிச்சம் இல்லை.

முதல் அச்சு முறுக்கு எப்போதுமே அச்சில் ஒட்டிக்கொண்டு உடைந்துதான் வரும். அந்த உடைந்த முறுக்குக்கு ஜோஷ்வா அடுப்படி வாசலில் காத்து நிற்பானாம். அவன் போன பிறகும் அத்தை சாகும்வரை, வருஷா வருஷம் முதல் முறுக்கைத் தட்டில் போட்டு அவன் படத்தடியில் வைத்தாள். ஷீலாவுக்கு அதெல்லாம் பிடிக்காது. செத்தவனுக்கு எதற்கு முறுக்கு?

"சினேகா, இந்தா. சூடு, ஊதித் தின்னு."

குழந்தை வாங்கிக்கொண்டு ஓடியது.

எண்ணெய் சளசளத்தது. ஹாலிலிருந்து டப் டப் என்று துப்பாக்கிச் சத்தம். நடுவே சினேகாவின் குரல், ரகசியம் பேசுவது மாதிரி.

"நீ முன்னாடி போ. நான் பின்னாடி வரேன்."

தனியாக விளையாடும் குழந்தை தானாகப் பேசிக்கொள்வதுதான். ஷீலா அடுத்த அச்சை மாவில் தோய்த்தாள். அப்போது முறுக்கு வாசனையை அமுக்கிக்கொண்டு வேறொரு வாசனை வந்தது. தைலம். காய்ச்சல்காரனின் படுக்கையில் அடிக்கும், வேர்வை கலந்த தைலம்.

சினேகா இருமினாள்.

"போதும். எல்லாத்தையும் எடுக்காத."

ஷீலாவின் கை நின்றது.

"யாருகிட்டடி பேசுற?"

அடுப்பை அணைத்துவிட்டு ஹாலுக்குப் போனாள்.

திரையில் இரண்டு சிப்பாய்கள் ஓடிக்கொண்டிருந்தார்கள். நீலச் சட்டைக்காரன் சினேகாவின் கையில். சிவப்புச் சட்டைக்காரனை ஆட்டிவைக்கும் ஜாய்ஸ்டிக் தரையில் கிடந்தது. அதன் பக்கத்தில் யாரும் இல்லை.

அதன் பட்டன் அமுங்கியது.

டிக்.

திரையின் மூலையில் சினேகாவின் உயிர்களில் ஒன்று காணாமல் போனது. அவளை எந்த எதிரியும் சுடவில்லை.

"தேங்க்ஸ் பாப்பா."

சளி கட்டிய சின்னப் பையன் குரல்.

ஷீலா மகளின் நெற்றியைத் தொட்டாள். அடுப்பில் கை வைத்தது போல் கொதித்தது.

"அம்மா, என் முறுக்கையும் அவன் பிடுங்கிட்டான்." சினேகாவுக்குக் கண் சொருகியது. "எனக்கு இன்னும் ஒரே ஒரு லைஃப்தாம்மா."

ஷீலா பாய்ந்து டி.வி. வயரைப் பிடுங்கினாள்.

வயர் கையில் இருந்தது. ஆட்டம் ஓடிக்கொண்டிருந்தது.

தரையில் கிடந்த ஜாய்ஸ்டிக்கின் பட்டன் மெல்ல, மெல்ல இறங்கியது.

அவள் குழந்தையின் கையிலிருந்ததைப் பறித்துக்கொண்டாள். என்ன செய்கிறோம் என்று யோசிக்கவில்லை. பெற்றவளுக்கு யோசிக்க ஏது நேரம்?

"பாப்பாவ விட்டுடு," கெஞ்சினாள். "நான் உன் அண்ணி. என்னோடத எடுத்துக்கோப்பா."

அவள் விரல் பட்டதும் நீலச் சட்டைக்காரனின் உயிர்கள் திரும்ப நிறைந்தன.

டிக்.

நெஞ்சுக்குள்ளிருந்து எதையோ உருவினாற்போல் இருந்தது.

"தேங்க்ஸ் அண்ணி."

வாசலில் ஸ்கூட்டர் சத்தம் கேட்டது. திரை இருண்டது. சினேகாவின் நெற்றி குப்பென்று வேர்த்துக் குளிர்ந்தது.

ஜீவானந்தம் எல்லாவற்றையும் கேட்டான். தம்பியின் படத்தை வெகுநேரம் பார்த்தான். "எண்ணெய்ப் புகைல உனக்கு மயக்கம் வந்திருக்கும்," என்றான். ஷீலா சண்டை போடவில்லை. குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கு வந்துவிட்டாள். அவன்தான் சாமான்களைப் பையில் அள்ளிப் போட்டு, வீட்டைப் பூட்டி வந்தான்.

அன்று இரவு அவளுக்குக் காய்ச்சல் அடித்து விடியலில் விட்டது. என்னோடதில் ஒன்று போனது, போகட்டும். பிள்ளை பிழைத்தாள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம் சொன்னாள்.

கிறிஸ்மஸ் காலை. கோவிலுக்குப் போய் வந்த கையோடு, குரோம்பேட்டை ஃபிளாட்டில் ஃபிரிட்ஜில் வைத்திருந்த மிச்ச மாவைச் சுட்டுவிடலாம் என்று அச்சைத் தேடிப் பையில் கை விட்டாள். வயர் ஒன்று தட்டுப்பட்டது. இழுத்தாள்.

ஜோஷ்வாவின் ஜாய்ஸ்டிக்.

"இத ஏங்க எடுத்துட்டு வந்தீங்க?"

"ஞாபகத்துக்குதான்," ஹாலிலிருந்து அவன் குரல் கொடுத்தான். "மத்ததெல்லாம் அங்கயே கீது. தம்பியோடத மட்டும் விட்டுட்டு வர மனசு வரல ஷீலா."

அவள் ஓடிப்போய், புது கவுனோடு நின்ற சினேகாவின் நெற்றியைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. தன் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். சூடு இல்லை. அப்பாடா என்று மூச்சு விட்டாள்.

அவள் இடது கையில் இருந்த ஜாய்ஸ்டிக்கின் பட்டன் தானாக அமுங்கியது.

டிக்.

ஹாலில் ஜீவானந்தம் இருமத் தொடங்கினான்.

"தேங்க்ஸ்ணா."