மூன்றாவது புள்ளி

வாடகைக்கு எடுத்த மாடி ஸ்டுடியோவை நானும் தங்கச்சியும் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டு போய்த் திறந்தோம். முன்பு ஒரு போட்டோக்காரர் அங்கே தொழில் நடத்தினாராம். ஜன்னல்களில் அவர் அறைந்துவிட்டுப் போன கறுப்புத் துணி அப்படியே இருந்தது. கதவைச் சாத்தினால் பட்டப்பகலிலும் கும்மிருட்டு. தூசியும் பழைய முகப்பவுடரும் கலந்து ஒரு வாடை. மூலையில் அவருடைய ஃபிளாஷ் லைட் ஒன்று சுவரைப் பார்த்தபடி ஸ்டாண்டில் நின்றது.

ஓசியில் கிடைத்ததை விடுவேனா? என்னிடம் இருந்ததே ஒரு லைட்தான். பழையதைத் துடைத்து, பிளக்கைச் சொருகி, தங்கச்சி உட்கார்ந்திருந்த முக்காலிப் பக்கம் திருப்பினேன். எனக்கு லைட் விற்ற கடைக்காரரிடம் இதை எப்படி இணைப்பது என்று போனில் கேட்டேன்.

"அதைக் கேமராவோட இணைக்க வேண்டாம்மா. அதுல ஒரு கண்ணு இருக்கு. உங்க லைட் அடிச்சா, அதைப் பார்த்து அதுவும் அடிக்கும். இன்னொரு ஃபிளாஷைப் பார்க்காம தானா அடிக்காது. பீப்னு சத்தம் வந்தா அடுத்த படத்துக்கு ரெடின்னு அர்த்தம். மறந்துடாதீங்க, பிளக்கைப் பிடுங்கினாலும் உள்ளே கரண்ட் நிக்கும். பட்டனை அமுக்கிக் காலி பண்ணிடுங்க."

சரி சரி என்று வைத்துவிட்டேன். பொறுமை எனக்கு எந்தக் காலத்திலும் கிடையாது.

முதல் படத்தில் பாதி கறுப்புப் பட்டை. ஷட்டர் வேகத்தைக் கூட்டி வைத்திருந்தேன். அடுத்ததில் தங்கச்சியின் முகம் வெள்ளையடித்த சுவர். சனியன் பிடித்த லைட் என்று திட்டினேன்.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னு சொன்னாளாம்," என்று சிரித்தாள். எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். அந்தச் சிரிப்பு இல்லாவிட்டால் எங்கள் வீடு வெறும் நாலு சுவர்.

லைட்டைக் கொஞ்சம் உயர்த்தி, வெளிச்சத்தைப் பரப்ப அதில் மாட்டிய வெள்ளைக் குடையைச் சாய்த்து வைத்தபின் ஒரு படம் அருமையாக வந்தது. கண்ணில் விழும் லைட்டின் புள்ளிதான் முகத்துக்கு உயிர் என்பார்கள். அதைப் பார்க்கலாம் என்று திரையில் பெரிதாக்கினேன். இரண்டு லைட் இருந்தால் ஒவ்வொரு கண்ணிலும் இரண்டு புள்ளி தெரிய வேண்டும்.

மூன்று இருந்தன.

மூன்றாவது நட்டநடுவில், படமெடுக்க நான் நின்ற இடத்துக்கு நேர் பின்னால். அங்கே வெறும் சுவர்தான் இருந்தது. கேமராவை மேசைமேல் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்த்தேன்.

பழைய லைட் அடித்தது.

"அக்கா, நீயா அடிச்ச?"

"இல்லடி."

என் லைட் அடிக்கவில்லை. என் கண்ணுக்கு வேறெந்த வெளிச்சமும் படவில்லை. ஆனால் அந்த லைட்டின் கண் எதையோ பார்த்திருக்கிறது.

பீப்.

"அக்கா, கண்ணுல வெள்ளை போகமாட்டேங்குது."

"எழுந்திரு. போயிடலாம்."

"முடியலக்கா," என்றாள், வெறும் மூச்சாக வந்த குரலில். "யாரோ என் தாடையைத் தூக்குறாங்க."

பார்த்தேன். அவள் தாடை மெல்ல உயர்ந்தது. தலை இடப்பக்கம் ஒரு விரற்கடை திரும்பி நின்றது. பவுடர் வாடை குப்பென்று வீசியது.

பாய்ந்து போய்ப் பிளக்கைப் பிடுங்கினேன். அப்பாடா என்று மூச்சு விட்டேன், பாவி.

உள்ளே கரண்ட் நின்றது.

இரண்டாவது முறை அடித்தபோது அறையே வெளுத்தது. தங்கச்சி முக்காலியிலிருந்து என் கைகளில் சரிந்தாள்.

கண் டாக்டர் சோதித்துப் பார்த்துவிட்டு, கண்ணில் ஒரு குறையும் இல்லை என்றார். தங்கச்சிக்கோ எல்லாம் வெள்ளை. என் முகம்கூட இல்லை. சிரிப்பும் அன்றோடு நின்றது.

மறுநாள் காலை தனியாக ஸ்டுடியோவுக்குப் போனேன். நான் பிடுங்கிய பிளக் தரையில் கிடந்தது. பழைய லைட் மறுபடி சுவரைப் பார்த்து நின்றது. அப்படித் திருப்பி வைத்தது நான் இல்லை. கதவைச் சாத்திவிட்டு அந்த முக்காலியில் உட்கார்ந்தேன். நானே தாடையைத் தூக்கிக்கொண்டேன்.

"அவ சின்னப் பொண்ணு. அவ கண்ணைக் கொடுத்துடு. என்னை எடுத்துக்கோ."

கெஞ்சினேன். அழுதேன். கை கூப்பினேன். தொண்டை கட்டும்வரை அதையே சொன்னேன். இருட்டில் ஒரு சத்தமும் இல்லை. அந்தப் பவுடர் வாடையும் இல்லை.

வீட்டுக்கதவைத் திறந்ததும் அந்த வாடை முகத்தில் அடித்தது.

தங்கச்சி கட்டில் ஓரத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். ஜன்னல் சாத்தியிருந்தது. விளக்கு எதுவும் எரியவில்லை. அவள் முன்னால் மண்டியிட்டு இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டேன்.

அந்த இருட்டிலும் அவள் கண் ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைப் புள்ளி.

எதிரே லைட் இல்லாமல் கண்ணில் புள்ளி விழாது. அவளுக்கு எதிரே நான் இருந்தேன். எனக்குப் பின்னால் சுவர். திரும்பிப் பார்க்கக் கழுத்து வரவில்லை.

"தங்கம், நான்தான்டி. என்னைப் பாரு."

அவள் தாடை உயர்ந்தது. என் தலைக்கு மேலே எதையோ பார்த்து, ஒரு நாளுக்குப் பிறகு, சிரித்தாள்.

"அசையாதேக்கா," என்றாள் மெதுவாக. "நீ கேட்டியாமே. ரெண்டு பேரையும் சேர்த்தே எடுக்குறாராம்."

என் பிடரிக்குப் பின்னால், பீப்.