சத்தம் போடாத லேப்டாப்

கடை மேசையில் அவள் காது வைத்துக் கேட்டுக்கொண்டிருந்த லேப்டாப்பை யாரோ கன்னத்துக்குக் கீழிருந்து உருவிவிட்டார்கள்.

கண்ணைத் திறந்து திரும்பினாள். அதற்குள் அந்த லேப்டாப் ஒரு துணிப்பைக்குள் போய், பை ஒரு கொக்கித் தராசில் தொங்கிக்கொண்டிருந்தது. தராசைப் பிடித்தபடி நின்றவன் அதில் தெரிந்த எண்ணையே பார்த்தானே தவிர, அவளைப் பார்க்கவில்லை.

"ஏங்க... நான் பார்த்துக்கிட்டிருக்கேன்ல?"

"நீங்க எங்க பார்த்தீங்க? கண்ணை மூடிக்கிட்டிருந்தீங்க. தூங்கறீங்கன்னு நெனைச்சேன்."

அவளுக்குச் சுர்ரென்று ஏறியது.

வீடு வீடாகப் போய் வயதானவர்களின் காதைச் சோதித்து, காது மெஷின் பொருத்துவது அவள் வேலை. பழைய லேப்டாப்பைச் சுமந்து தோள் இறங்கிப்போயிருந்தது. அதைவிட, அதற்குள் சுற்றும் விசிறியின் இரைச்சல்... கேட்டும் கேட்காமலும் ஒலிக்கிற மெல்லிய சத்தங்களை வைத்துச் செய்கிற சோதனை அது. பக்கத்தில் லேப்டாப் இரைந்தால் எல்லாம் பாழ். மாடிப்படி ஏறினால் தோளை உடைக்காத, வாயைத் திறக்காத, கையிலிருக்கும் காசுக்குள் அடங்குகிற ஒன்றைத்தான் அவள் தேடிக்கொண்டிருந்தாள்.

"இதுல விசிறியே கிடையாது. சத்தமும் வராது. எனக்கு இதுதான் வேணும்" என்றாள்.

"எனக்கும் இதுதான் வேணும். இருக்கறதுலயே இதுதான் லேசு. கம்பெனிக்காரன் போடுற எடையை நம்பாதீங்க, சார்ஜரை விட்டுட்டுத்தான் போடுவான். நான் சார்ஜரோட நிறுத்துட்டேன்."

"நீங்க என்ன காய்கறி வாங்கவா வந்தீங்க?"

"விமான நிலையத்துல வேலை. எந்த விமானத்துல எவ்வளவு பாரம் ஏத்தலாம்னு கணக்குப் போடறவன். என் கையால நிறுக்காம எதையும் நம்பமாட்டேன்."

அவனுக்குத் தராசு என்று அப்போதே மனதுக்குள் பெயர் வைத்துவிட்டாள்.

"அந்த மாடல்ல அது ஒண்ணுதான் இருக்கு" என்றார் விற்பனையாளர், இருவருக்கும் பொதுவாக.

அதுவரை எண்ணைப் பார்த்த கண்கள் இப்போதுதான் அவள் பக்கம் திரும்பின. கொஞ்சம் பெரிய கண்கள்... அதில் ஏதோ யோசனை ஓடியது.

"உங்க நல்லதுக்குச் சொல்றேன்ங்க. விசிறி இல்லன்னா சூடாகிடும். பாதி வேலையில அப்படியே நின்னுடும். அதோ, அந்த வெள்ளை லேப்டாப் எடுத்துக்குங்க. விசிறி இருக்கு, ஆனா சுத்தறதே தெரியாது."

இவ்வளவு விவரமாகப் பேசுகிறவன் பொய்யா சொல்வான்? விற்பனையாளரைப் பார்த்தாள். அவருக்கு இரண்டும் விற்றால் சரி... தலையை ஆட்டி வைத்தார்.

வெளியே மழை பிடித்துக்கொண்டது. ஆளுக்கொரு பெட்டியைக் கட்டிக்கொண்டு வாசலிலேயே நின்றார்கள். சாரல் அவள் இமையில் பட்டுத் தெறித்தது. அவன் கைக்குட்டையை எடுத்தான்... அவளிடம் நீட்டத் தைரியமில்லாமல் தன் முகத்தையே துடைத்துக்கொண்டான். அவளுக்குச் சிரிப்பு வந்தது.

"தேங்க்ஸ்ங்க. நீங்க சொல்லலன்னா தப்பானதை வாங்கியிருப்பேன்."

அவன் எதையோ சொல்ல வாயைத் திறந்தான். பிறகு மூடிக்கொண்டு மழையில் இறங்கி ஓடியே போய்விட்டான். என்ன மனுஷன்... என்று நினைத்தாலும், வீடு போகும்வரை அந்தக் கண்கள் கூடவே வந்தன.

அந்த நினைப்பெல்லாம் முதல் வீட்டுச் சோதனையிலேயே காலியானது. மென்பொருள் ஓடத் தொடங்கியதும் வெள்ளை லேப்டாப் உஸ்ஸென்று மூச்சு வாங்கியது. ஹெட்போன் மாட்டியிருந்த அம்மாள், சத்தமே கொடுக்காதபோதெல்லாம் பட்டனை அழுத்தினார். கடையில் ஓடிய பாட்டிலும் ஏசி இரைச்சலிலும் அவள் காதுக்கு இது எப்படிக் கேட்டிருக்கும்? அந்த வீட்டார் கிளினிக்கில் புகார் செய்தார்கள்.

"இன்னொரு புகார் வந்தா வீட்டு வேலை உனக்குக் கிடையாது. ரிசப்ஷன்ல உக்காந்து டோக்கன் கொடு" என்று சொல்லிவிட்டார் டாக்டர்.

டோக்கன் கொடுக்கவா இத்தனை வருஷம் படித்தாள்? விற்ற பொருளைக் கடையில் திரும்ப எடுக்கவும் மாட்டார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வீட்டின் அழைப்பு மணியை அழுத்தினாள்.

ஒரு பெரியவர் கதவைத் திறந்தார். எதைக் கேட்டாலும் "ஆங்?" என்றார். கூடத்து மேசையில் அந்த லேப்டாப் இருந்தது... அவள் கன்னத்தின் கீழிருந்து உருவப்பட்ட அதே மாடல். உள்ளேயிருந்து வந்தான் தராசு. அவனைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது.

"சூடாகி நின்னுடும்னு சொன்னீங்களே... நிக்கலையா?"

அவன் தலை குனிந்தான். "இல்லங்க."

"அப்போ பொய்."

"ஆமாங்க."

"என்ன சொல்றாங்கடா?" என்றார் பெரியவர்.

"ஒண்ணுமில்லப்பா, டெஸ்ட் பண்ண வந்திருக்காங்க" என்று தெருவுக்கே கேட்கும்படி கத்தினான். பிறகு அவள் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "இந்த லேப்டாப்பை நீங்களே வெச்சுக்குங்க. உங்களுக்காகத்தான் மேசையில எடுத்து வெச்சேன்" என்றான்.

"உங்க தானம் எனக்கு வேண்டாம்."

வெள்ளை லேப்டாப்பையே திறந்தாள். அது மூச்சு வாங்கத் தொடங்கியது. பெரியவர் கையிலிருந்த பட்டன் கண்டபடி அழுத்தப்பட்டது. இந்த அளவை நம்பி மெஷினை வைத்தால் நாளைக்கே புகார்தான். ரோஷமா, வேலையா... மேசையிலிருந்ததை வெடுக்கென்று இழுத்துக்கொண்டாள்.

"இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும்."

மென்பொருளை ஏற்றினாள். அறை அமைதியாக இருந்தது. லேப்டாப் மூச்சே விடவில்லை. மெல்லிய சத்தம் வரும்போது மட்டும் பெரியவரின் விரல் அசைந்தது, துளி பிசகாமல். அளவுக்கேற்ப மெஷினை அமைத்து அவர் காதுகளில் பொருத்தி, இயக்கியும் விட்டாள்.

வேலை முடிந்த தெம்பில், அடக்கி வைத்திருந்த கோபம் கொதித்துக் கிளம்பியது.

"நான் வேலையே போயிடுமோன்னு பயந்துக்கிட்டிருக்கேன். நீங்க ஒரு பொய்யைச் சொல்லிட்டு ஜம்முனு இதைத் தட்டிக்கிட்டிருக்கீங்க." அப்பாவுக்குக் கேட்காது என்ற தைரியத்தில் அந்த வீட்டில் எல்லாரும் அவர் முன்னாலேயே ரகசியம் பேசுவது வழக்கம். அவளும் அதே குரலுக்கு இறங்கியிருந்தாள்.

"ஜம்முனு எங்க இருந்தேன்? திறந்தாலே உங்க முகம்தான். மழையில சொல்லிடலாம்னு வாயெடுத்தேன். நீங்க தேங்க்ஸ் சொல்லிட்டீங்க... அதுக்கப்புறம் வாய் வரல. உங்க பையில கிளினிக் பேரு இருந்துச்சு. நீங்கதான் வரணும்னு சொல்லிக் கூப்பிட்டேன்."

"என்னைப் பார்க்கறதுக்கு அப்பா காது ஒரு சாக்கா? வெக்கமா இல்ல?"

"இருக்குங்க. என்னை என்ன வேணா திட்டுங்க, தப்பு என்னுது. ஆனா... உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. எதையும் நிறுத்துப் பார்க்காம நம்பமாட்டேன்னு பெருமையாச் சொன்னேனே... இது நிறுக்காமலே தெரியுது."

கோபப்படத்தான் வாயைத் திறந்தாள்.

"கொஞ்சம் மெதுவாப் பேசுங்கப்பா" என்றார் பெரியவர். "காது வலிக்குது."

இருவரும் விறைத்து நின்றார்கள். மெஷினை இயக்கியதே அவள்தான்... இப்படியொரு தப்பை இத்தனை வருஷ வேலையில் செய்ததில்லை.

"காதைக் காட்டுப்பா, காதைக் காட்டுப்பான்னு இவன் ஏன் திடீர்னு கெஞ்சினான்னு இப்பதான் புரியுது" என்றார். சிரிக்கவில்லை, மகனை முறைத்தார். "ஒரு பொண்ணோட பொழப்புல மண்ணள்ளிப் போட்டுட்டு, பிடிச்சிருக்குன்னு வேற சொல்றியா? அந்த லேப்டாப்பை அவகிட்டயே கொடு. வெள்ளையை நீ சுமந்துக்கிட்டு அலை."

"சரிப்பா" என்றான். இப்போது கத்தவில்லை.

அவன் தன் கோப்புகளையெல்லாம் அழித்து லேப்டாப்பை அவள் பையில் வைத்தான். வாங்கிக்கொள்ள அவள் ரோஷம் இடம் கொடுக்கவில்லை... ஆனால் இது தானம் இல்லை, அவளுடையது திரும்பி வருகிறது, அவ்வளவுதான்.

"ஐயா, ஒரே ஒரு சோதனை பாக்கி" என்றாள் கடைசியில். "பின்னாடி நின்னு ரகசியமா ஒண்ணு சொல்லுவேன். என்ன சொன்னேன்னு நீங்க திருப்பிச் சொல்லணும்."

பெரியவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். அவள் அறையின் மூலைக்குப் போய், சுவர்ப் பக்கம் திரும்பி, வாயைக் கையால் மறைத்துக்கொண்டாள். அவன் எட்டி எட்டிப் பார்த்தான். அவனுக்கு ஒரு எழுத்துகூடக் கேட்கவில்லை.

"கேட்டுச்சுங்களா ஐயா?"

"நல்லாக் கேட்டுச்சும்மா."

"என்னப்பா சொன்னாங்க?" அவன் நாற்காலிப் பக்கம் ஓடி வந்தான்.

பெரியவர் அவசரப்படவில்லை. காதிலிருந்த மெஷினை ஒரு முறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"கோபம் இன்னும் போகலையாம். போக நாளாகுமாம்." மகனை ஏற இறங்கப் பார்த்தார். "அவளுக்கும் உன்னைப் பிடிச்சிருக்காம்டா."