நிறம் ஏறாத ஸ்லைடு

ஸ்லைடில் பழுப்பு ஏறவே இல்லை.

கீர்த்தனா நுண்ணோக்கியைத் திருகித் திருகிப் பார்த்தாள். செங்கல்பட்டில் அவள் வேலை பார்க்கும் ஆய்வகத்தில் இருந்த அந்த ஆன்டிபாடி, மனித செல்லின் மேலிருக்கும் ஒரு புரதத்தைத் தேடிப் பிடித்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டிய இடம் பழுப்பாகும், ஒட்டாத இடம் நீலமாகவே நிற்கும். நோயாளிகளின் சதையைச் சோதிக்கும் முன், அது நன்றாக வேலை செய்கிறதா என்று பார்க்க, ஆய்வகத்து ஆட்கள் தங்கள் கன்னத்தின் உட்புறத்தையே சுரண்டி ஸ்லைடில் தடவுவது வழக்கம். நேற்று அவளுக்கு வாயெல்லாம் புண். கூட்டிப்போக வந்திருந்த கணவன் ரஞ்சித்குமாரிடம் கேட்டாள். அவன் சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தான்.

ஆன்டிபாடி கெட்டிருக்கும் என்றார் மேலாளர் ஜெபக்குமார். தன் கன்னத்தைச் சுரண்டி வைத்துப் பார்த்தார். நல்ல பழுப்பு. ரஞ்சித்தினுடையதை மறுபடி போட்டார்கள். வெறும் நீலம்.

"யாருதும்மா இது? மனுஷனுது மாதிரியே இல்லியே."

கீர்த்தனா பையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டாள்.

போன மாதம் மாமல்லபுரத்தில் குளிக்கும்போது அலை ரஞ்சித்தை இழுத்துப் போனது. மீனவர்கள் படகை இறக்குவதற்குள், சவுக்குத் தோப்புப் பக்கமாக அவனே நடந்து கரையேறினான். இருமல் இல்லை, மூச்சு வாங்கவும் இல்லை. ஆள் பிழைத்து வந்ததே போதும் என்று அவள் எதையும் கேட்கவில்லை. அதன் பிறகு அவனைக் கொசு கடிப்பதில்லை. திருக்கழுக்குன்றத்தில் அந்தி சாய்ந்தால் கொசு பிடுங்கித் தின்னும். மகள் தன்ஷிகாவின் காலெல்லாம் தடிப்பு. அவனோ சட்டையில்லாமல் வாசலில் உட்கார்ந்திருப்பான். உடம்பில் உப்பு ஏறிப்போச்சு என்பான். அவளும் சிரித்தாளே, பாவி.

இன்று பள்ளிக்கூடம் லீவு. பிள்ளை அவனோடுதான் இருக்கிறாள். ரஞ்சித்துக்கு போன் அடித்தாள், எடுக்கவில்லை. மறுபடி அடித்தாள். எடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்தபோது பொழுது சாய்ந்திருந்தது. கதவு திறந்தே கிடந்தது. விளக்குப் போடவில்லை. கூடத்தில் ஈரமணலும் பாசி வாடையும். கொசுக்களின் ரீங்காரம்.

"தன்ஷி?"

பின்பக்கம், துவைக்கிற கல்லில் இருவரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். ரஞ்சித் திரும்பவில்லை. பிள்ளையின் கவுனிலிருந்து தண்ணீர் சொட்டியது.

"எங்கடி போன?"

"கடலுக்கும்மா. அப்பா உள்ள ரொம்ப தூரம் இட்டுகினு போச்சு."

கீர்த்தனா போன் வெளிச்சத்தை அடித்தாள். அவள் கையில் கொசு. கழுத்தில் கொசு. மொய்த்தது.

பிள்ளையின் காலைப் பார்த்தாள். காலையில் தைலம் தடவிவிட்ட தடிப்புகள் எங்கே? ஒன்றுகூட இல்லை. வழுவழுவென்ற தோல். ஒரு கொசுகூட உட்காரவில்லை.

"என்னுதையும் சுரண்டிப் பாக்கறியாம்மா?"

தன்ஷிகா சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள்.